அட்டையில் நாற்பத்தொரு நட்சத்திரம்

பிப்ரவரி 9, திங்கள்

மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை ஒரே சொட்டு ரத்தத்தில் சொல்லும் கருவி எங்கள் சுகாதார நிலையத்துக்கும் வந்துவிட்டது. டாக்டர் அதைப் புது மாப்பிள்ளை போல மேசை நடுவில் உட்கார வைத்திருக்கிறார். எனக்குப் பழைய அறை ஞாபகம் வந்தது. ஒழுகும் கூரை. யாரும் தூக்கிப் போய்விடாதபடி மேசைக் காலில் நூல் போட்டுக் கட்டிய ஒரே ஒரு சர்க்கரை மீட்டர். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒழுங்காக இருந்தால் அவரவர் சோதனை அட்டையில் சிவப்பு மையால் ஒரு நட்சத்திரம் போடுவேன். அப்போது ஒன்றாம் வகுப்பில் இருந்த என் மகளின் நோட்டில் டீச்சர் போடுவதைப் பார்த்துத் தொடங்கிய பழக்கம். தலை நரைத்தவர்கள்கூட அடுத்தவர் அட்டையை எட்டிப் பார்ப்பார்கள். என்ன சிரிப்பு, என்ன கேலி!

பிப்ரவரி 10

முதல் சோதனை தையல்கார அக்காவுக்கு. நாற்பத்தொரு நட்சத்திரம் வாங்கியவர். அவர் அட்டையைக் காட்டித்தான் மற்றவர்களைத் திட்டுவேன். இன்றும் வெறும் வயிற்றில் 112. புதுக் கருவியிலோ 11.4! 7-ஐத் தாண்டினாலே கவலை. கருவி கோளாறு என்று என் விரலையே குத்திப் பார்த்தேன். கருவி சரியாகத்தான் இருக்கிறது.

டாக்டர் செருப்பைக் கழற்றச் சொன்னார். வலது கட்டைவிரலுக்குக் கீழே கறுத்த புண், உள்ளே முறிந்த தையல் ஊசித் துண்டு. ஊசி ஏறியதே அக்காவுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது நான் செருப்பைக் கழற்றச் சொன்னேனா?

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். சீழ் மேலே ஏறினால் பாதத்தையே எடுக்க வேண்டி வருமாம். மெஷினை மிதிக்கிற கால்.

பிப்ரவரி 11

கை ஓடவில்லை. இரண்டு பேருக்கு அட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 13

ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த 112 எப்படி வந்தது என்று அக்காவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் மழுப்பினார். பிறகு சொன்னார்: சோதனைக்கு முன் இரண்டு நாள் பட்டினி, மாத்திரை இரண்டு மடங்கு. மற்ற நாட்களில் நினைவு வந்தால் மாத்திரை.

“எல்லாருக்கும் என் அட்டையத்தானே காட்டுவீங்க சிஸ்டர். உங்க முகம் வாடக் கூடாதுன்னுதான்...”

எனக்காகவா? பட்டினியில் எங்காவது சுருண்டு விழுந்திருந்தால்— ஐயோ, நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்.

பிப்ரவரி 15

மகளிடம் போனில் சொல்லி அழுதேன். அவள் சொன்னாள்: “நட்சத்திரம் இல்லாத பக்கத்த நான் உன்கிட்ட காட்டினதே இல்லையேம்மா. கிழிச்சுப் போட்டுடுவேன்.”

பரணிலிருந்து அவளுடைய பழைய நோட்டுகளை இறக்கினேன். எல்லாமே மெலிந்துதான் இருக்கின்றன. இத்தனை வருடம் ஆசை ஆசையாகப் பூட்டி வைத்திருந்தேன்.

மார்ச் 2

அக்காவுக்குக் கால் கட்டைவிரல் போயிற்று. பாதம் தப்பியது.

மார்ச் 16

சிவப்புப் பேனா இழுப்பறைக்குள் போய்விட்டது. வாசலருகே ஒரு முக்காலி போட்டிருக்கிறேன். வந்தவுடன் செருப்பைக் கழற்ற வேண்டும், நான் தரையில் உட்கார்ந்து பாதம் பார்ப்பேன். சாப்பிட்டு வந்தாலும் சோதனை உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு, சர்க்கரை அளவை அவரவரிடம் மட்டும் சொல்கிறேன். ஒரே வாரத்தில் ஒன்பது பேர், “நானும் பட்டினி கிடந்துட்டுத்தான் வருவேன் சிஸ்டர்” என்று தலையைச் சொறிந்தார்கள். அதில் ஹோட்டல் சமையல்காரருக்குக் குதிகாலில் வெடிப்பு. நேரத்தோடு மருந்து போட்டாயிற்று.

ஆனாலும் அறை வெறிச்சென்று இருக்கிறது. அந்தப் பழைய சிரிப்புக்கு மனம் ஏங்கத்தான் செய்கிறது.

ஜூன் 18

அக்கா வந்தார். இடது காலால் மிதிக்கப் பழகிவிட்டாராம். தையல் மட்டும் கொஞ்சம் குடித்துவிட்டு நடப்பது போலப் போகிறதாம். முக்காலியில் உட்கார்ந்து, நான் கேட்கும் முன்பே இரண்டு காலையும் நீட்டினார். புண் இல்லை. மூன்று மாதக் கணக்கு 8.9-க்கு இறங்கியிருந்தது.

மீட்டரில் விரலை வைக்கும் முன் கையை இழுத்துக்கொண்டார்.

“வயிறு நிறைய சாப்பிட்டுத்தான் வந்தேன். நேத்து மாத்திரையும் மறந்துட்டேன். இப்ப பாருங்க.”

236.

அட்டையில் எழுதினேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இழுப்பறையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். மை காய்ந்திருந்தது, உள்ளங்கையில் இரண்டு முறை கிறுக்கிய பிறகுதான் எழுதியது.

நாற்பத்திரண்டு.