வெள்ளைத்தாளைக் கொஞ்சம் இறக்கு, குமரேசா

என் உயிருக்கு உயிரான மாமே குமரேசா,

அண்ணனூரில் உன் வீட்டு ஹாலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அம்மா உள்ளே டீ போடுகிறார்கள். எங்கள் இரண்டு பேருக்குத்தான் என்று தெரிந்தும் அவர்கள் கை மூன்றாவது டம்ளரை எடுத்துவிடுகிறது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. மண்ணூர்பேட்டையில் ஒரு வளைகாப்புக்கு வீடியோ எடுக்கப் போகும் வழியில், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று வண்டியை ஓரம் கட்டினாய். கேமரா பையை என்னிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டுத்தான் விழுந்தாய். பையைத் தூக்கி எறிந்துவிட்டு நான் உன்னைப் பிடித்திருக்க வேண்டாமா?

ஒன்பது வருடம் ஊரார் முகத்தையெல்லாம் சேர்ந்து படம்பிடித்தோம். உன் கண்ணீர் அஞ்சலி பேனருக்குக் கிடைத்தது ஆதார் அட்டைப் படம். யாராவது செல்போனைத் தூக்கினாலே கையை நீட்டி மறைக்கிற ஆள் நீ. வேறென்ன கிடைக்கும்?

போன வாரம் அம்மா கேட்டார்கள். “போட்டோ வோணாம்பா தாசு. புள்ள பேசிகினு சிரிச்சிகினு இருக்கிறா மாதிரி எதனா கீதா? ஒரு தபா பாத்துட்டா போதும்.” இருக்கும்மா என்று சொல்லிவிட்டேன். நம் வீடியோ கடையைத் திறந்து பழைய ஹார்ட் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடினேன்.

நீ இருந்தாய் மாமே. நம் இரண்டு கேமராவிலும் நிறம் ஒத்துப்போக வேண்டும் என்று, வேலை தொடங்கும் முன் வெள்ளைத்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பாயே, அந்தத் துண்டுகளில் இருந்தாய். திருமுல்லைவாயில் மண்டபம், ஆவடி குவார்ட்டர்ஸ் மொட்டைமாடி, எல்லா இடத்திலும் உன் சட்டை, உன் விரல், உன் வாட்ச். முகம் இருக்க வேண்டிய இடத்தில் தாள். நீ தாளை இறக்கத் தொடங்கும்போது நான் நிறுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும்.

“ஆளு ஃப்ரேமை உட்டுப் போனப்புறமும் அஞ்சு எண்ணிட்டு நிறுத்து மச்சான். உனக்கு இன்னா அவசரம்?” என்று எத்தனை தடவை திட்டியிருப்பாய்? தலைக்கு மேலே இடம் விடுவது, பார்க்கிற பக்கம் இடம் விடுவது, பந்தியில் கேமராவை அவசரப்படாமல் இலை இலையாகத் திருப்புவது எல்லாம் எனக்கும் கை வந்தது. அந்த ஐந்து மட்டும் வரவில்லை. மெமரி கார்டு நிரம்பிவிடுமோ என்று எப்போதும் ஒரு பயம். எந்தக் கல்யாணத்தில் நிரம்பியது, சொல்?

கடைசியில் ஒன்று கிடைத்தது. ஒரு காதுகுத்து. கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, நிறுத்துவதற்குப் பட்டனை அழுத்தியிருக்கிறேன். அப்போதுதான் ஓடவே தொடங்கியிருக்கிறது. கேமரா என் கழுத்தில் தொங்குகிறது. தரை, செருப்புகள், வாழைமரம், எல்லாம் ஆடுகிறது. நீ குனிந்து என் கையில் எதையோ திணிக்கிறாய். உன் முகம் வருகிறது. நெற்றி பாதி வெட்டு, மூக்குக்கு முன்னால் இடமே இல்லை, பின்னால் கண்ணைக் கூசும் வெயில். யார் எடுத்திருந்தாலும் நீ அழிக்கச் சொல்லியிருப்பாய்.

“கேசரி சூப்பரா கீது மச்சான். அம்மாவுக்குக் கொஞ்சம் கட்டிகினு போறேன்” என்று சிரிக்கிறாய். உடனே சிவப்பு விளக்கைப் பார்த்துவிடுகிறாய். “டேய், ஓடிகினு கீது பாரு.” உன் கை வந்து மூடுகிறது. அவ்வளவுதான்.

இன்றைக்குத்தான் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். சரியாக எடுக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை. “அன்னிக்குக் கேசரி எடுத்துகினு வந்தான்பா. எனக்கு சுகர் கீதுன்னு நான் தொடவே இல்ல” என்றார்கள். அப்புறம், “இன்னொரு தபா போடு.”

நான் அழுதுவிட்டேன் மாமே. நீ இல்லாத வேலை எனக்குப் பிடிக்கவில்லை.

நாளைக்கு ஆவடியில் ஒரு நிச்சயதார்த்தம். வெள்ளைத்தாளைப் பிடிக்க ஆளில்லை, ஒரு நாற்காலி முதுகில் ஒட்டிவைத்துக்கொள்வேன். ஆனால் இனி யாரை எடுத்தாலும், அவர் போன பிறகும் ஐந்து எண்ணுவேன். இது சத்தியம். வாய்விட்டே எண்ணுகிறேன், உனக்குக் கேட்கட்டும்.

அம்மா ஊற்றிவிட்ட மூன்றாவது டம்ளரையும் குடித்துவிடுகிற,
உன் மச்சான்
தாஸ்