தம்பி மகளோடு ட்ரா

ஆகஸ்ட் 9, சனி

விடிந்ததிலிருந்தே புழுக்கம். எங்கள் ஊர் போலகத்தில் கரண்ட் இல்லை. தேய்க்காத சட்டையோடு, மகள் யாழினியை வண்டியில் ஏற்றிக் காரைக்கால். பெண் பிள்ளைகளுக்கான செஸ் போட்டி, ஒரு பள்ளி ஹாலில். இன்று எல்லா ஆட்டமும் ஜெயித்தாள். டீ வாயில் வைக்க முடியவில்லை.

சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். நாளை கடைசிச் சுற்று: யாழினி - ஓவியா. ஓவியா என் தம்பி மகள்.

அப்பா இறந்தபோது நான் ஆந்திரா பக்கம் ஏனாமில் டியூட்டி. தகப்பனுக்கு மூத்தவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். கிளம்பிவிட்டேன் என்று போனில் சொல்லியும் காத்திருக்காமல் கொள்ளியைத் தானே வைத்தவன் தம்பி. நான் வந்து பார்த்தது சாம்பலை.

யாழினியிடம் சொன்னேன்: "யாருகிட்ட வேணா தோத்துக்க. அவகிட்ட மட்டும் கூடாது." இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

10, ஞாயிறு

மேகமூட்டம். பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை. ஜன்னலோரம் நின்றேன். அதே ஜன்னலுக்குத் தம்பியும் வந்தான். தொப்பை போட்டிருக்கிறான். கையில் அப்பாவின் வாட்ச்.

யாழினிக்கு ஒரு சிப்பாய் அதிகம். ராணியாக இரண்டே கட்டம், தடுக்க எதிரில் எதுவும் இல்லை. எனக்கே தெரிந்தது.

பக்கத்தில் நின்ற ஓர் அம்மா: "அண்ணந்தம்பிங்களா? மூக்கு அப்படியே உரிச்சு வச்சிருக்கே!"

"இல்லைங்க." இருவரும் ஒரே மூச்சில். அப்பா போன பிறகு நாங்கள் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை.

திரும்பிப் பார்த்தால் உள்ளே கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். ட்ரா. அரைப் புள்ளி போனதில் கோப்பை யாரோ மூன்றாவது பெண்ணுக்கு.

திரும்பும் வழியில், டி.ஆர். பட்டினம் தாண்டியதும் பின்னாலிருந்து அவளே:

"ஜெயிச்சிருப்பேன்ப்பா. தெரியும்."

"பின்ன என்ன கேடு?"

"நீங்க ரெண்டு பேரும் 'இல்லைங்க'ன்னது உள்ள கேட்டுச்சு. ஓவியா நிமிந்து என்னப் பாத்தா. கண்ணெல்லாம் தண்ணி. அப்புறம் அந்தச் சிப்பாயத் தொடவே புடிக்கல. ட்ராவான்னு நான்தான் கேட்டேன்."

வசவு தொண்டை வரை வந்தது. வண்டியை முறுக்கினேன்.

11, திங்கள்

தூறல். ஆபீசில் யாரும் போட்டி பற்றிக் கேட்கவில்லை. நல்லது.

சாப்பிடும்போது யாழினி: "அடுத்த மாசம் புதுச்சேரில போட்டி. சித்தப்பா கார்ல போறாங்களாம். நேத்து நீங்க வண்டி எடுக்கப் போனப்ப என்கிட்ட சொன்னாங்க. நீயும் வா, அண்ணனையும் வரச் சொல்லுன்னாங்க."

"அண்ணன்னா சொன்னான்?"

"ம்."

லீவு கிடைக்காது என்றேன்.

ஆபீசில் கேட்கவில்லை இன்னும்.