பால் காய்ச்சிய கூடம்

கல்லடி,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் யசோதினிக்கு,

அந்தக் குளிர் நாட்டில் காய்ச்சல், தடிமன் ஒன்றும் அண்டாமல் நீ இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் அம்மனிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கு நாங்கள் சுகம். சுகம் என்றால் எழும்பி நடமாடுகிறோம், சாப்பிடுகிறோம், அந்த அளவுக்குச் சுகம். எழுத்து என்னுடையது இல்லை என்று பார்த்தவுடன் பயந்துவிடாதே, என் வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது, அது எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி தாரணி எழுதுகிறாள். அவளைத் தெரியும்தானே, நான் வாய்க்கு வந்தபடி சொல்வதை எல்லாம் புத்தகத் தமிழாக்கி, இந்த இடத்தில் இந்தச் சொல் பொருத்தமா அம்மா என்று எனக்கே பரீட்சை வைக்கிறாள். தமிழை எப்படியும் திருத்து, கோபத்தைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நான் வாய் திறக்க முதல், அம்மா கூட்டம் தொடங்கப்போகுது என்பாய். கடிதம் என்றால் நீ இடையில் வைத்துவிட்டு எழும்பிப் போனாலும் அது அங்கேயே கிடக்கும், திரும்பி வந்து மிச்சத்தை வாசிக்கத்தான் வேண்டும்.

அப்பாவுக்குப் பிரஷர் கொஞ்சம் கூடியிருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொன்னால் கருவாட்டில் உப்பு இல்லை அது கடலின் குணம் என்று எனக்கு விளக்கம் சொல்கிறார். உன்னிச்சை வயலில் சித்தப்பா விதைத்துவிட்டார், இந்த முறை மழை நேரத்துக்கு வந்துவிட்டது. வாவி நிரம்பி நம் வேலிக்கரை வரைக்கும் நனைந்திருக்கிறது. உன் வளவுக்குள்ளும், அந்த வீட்டுக் காணி முழுக்க, தண்ணீர் நிற்கிறது. அந்த வளவைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மீன்காரப் பெண்களுக்குத் தொழில் படிப்பிக்க என்று நீ வடிவமைத்த கூடத்தைக் கொண்டுவந்து இறக்கிய நாளை நீ வீடியோவில் பார்த்தாய். நான் நேரில் பார்த்தேன், இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. பாரந்தூக்கி லொறி ஒழுங்கைக்குள் வர முடியாமல் பின்னுக்கும் முன்னுக்கும் இழுபட்டு, ஊர்ச் சனம் எல்லாம் வேலியில் நின்றது. உன் பாக்கியம் மாமி, அப்பாவின் தமக்கை என்ற உரிமையில் எல்லாருக்கும் முன்னால் நின்றுகொண்டு, இதென்ன கா சில்லு வச்ச வீடு, மாப்பிள்ளை வந்தா வீட்டையும் பொம்பிளையையும் சேத்து இழுத்துக்கொண்டு போறதுக்கா என்று கேட்டா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த விரிவுரையாளர் சிவதர்ஷன் உன் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அன்ரி, அக்கா இந்த இடத்தைத்தான் குறிச்சிருக்கிறா என்று காட்டினார். அவர் காட்டியது உன் வீட்டு அத்திவாரம்.

இங்கே பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கல்யாணப் பேச்சு எடுக்க முடியாது என்பதை நான் உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நீ உயர்தரம் படிக்கும்போதே அப்பா அந்த அத்திவாரத்தைப் போட்டார். பிறகு உன் படிப்பு, பிறகு சீமெந்து விலை, பிறகு நீ வெளிநாடு, அதற்குமேல் ஒரு கல் ஏறவில்லை. மழைக்குப் புல் முளைக்கும், வெயிலுக்குக் காயும், நான் போய்ப் பிடுங்குவேன். அப்படி நான் பிடுங்கிப் பிடுங்கி வைத்திருந்த இடத்தை நீ அங்கே பேர்கன் பட்டணத்தில் இருந்துகொண்டு வரைபடத்தில் தயார்நிலை மேடை என்று குறித்திருந்தாய். இங்கிலீசில் இருந்ததைத் தாரணிதான் வாசித்துச் சொன்னாள். மேடைதான், பிழை இல்லை. ஆனால் அந்த மேடைக்கு ஒரு பெயர் இருந்தது, உனக்கும் அது தெரியும்.

லொறி போன பிறகு சிவதர்ஷனும் மாணவர்களும் அதைத் திறந்தார்கள். பெட்டியாக இருந்தது கொளுக்கி கழற்றக் கழற்ற விரிந்தது. ஒரு சுவர் கீழே சாய்ந்து விறாந்தை ஆனது, மற்றச் சுவர் மேலே எழும்பித் தாழ்வாரம் ஆனது, உள்ளே மடித்திருந்த பலகைகள் மேசையும், குந்தியிருக்க வாங்கும் ஆயின. கடைசியில் பார்த்தால் எங்கள் அத்திவாரத்தின் மேல், அப்பா கயிறு பிடித்து அளந்த அதே நீள அகலத்துக்குக் கிட்ட, வாசல் வாவியைப் பார்க்க ஒரு வீடு நிற்கிறது. அப்பா போய் வாசலில் குந்தினார். நான் அடுத்த நாள் காலையில், மாணவர்கள் வர முதல், நல்ல நேரம் பார்த்து அதற்குள் பால் காய்ச்சினேன். குடிபூரல் செய்யாமல் ஒரு கூரைக்குக் கீழே ஆட்களை இருத்த எனக்குத் தெரியாது. பால் கிழக்கே பொங்கி வழிந்தது. கைறுன்னிஸா, காத்தான்குடியிலிருந்து படிக்க வந்த, என்னிலும் மூத்த பெண், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மகள்ட வீடா தங்கச்சி, நல்ல வெளிச்சமா இரிக்கி என்றா. ஓம் என்றேன். அதற்கு நான் வெட்கப்படவில்லை, இன்றைக்கும்.

அங்கே படிப்பு நன்றாகத்தான் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகப் பிள்ளைகளும் மீன்காரப் பெண்களும் ஒரே மேசையில் நின்று இறால் பதனிடவும் பொதி செய்யவும் படித்தார்கள், பிள்ளைகளுக்குப் புள்ளி, பெண்களுக்குச் சான்றிதழ். உன் மேசைகள் மட்டும் அங்கத்தைய ஆட்களின் உயரத்துக்கு இருந்தன. இந்த மேசையில நிண்டு வெட்டினா நான் வெட்டுறது மீனா எண்ட மூக்கா எண்டு விளங்காது என்று கைறுன்னிஸா சொல்ல, எல்லாரும் மேசைக்குக் கீழே நிலத்தில் குந்தி வேலை செய்தார்கள். சிவதர்ஷன் தலையில் கை வைத்தார். தாரணி பள்ளிக்கூடம் விட்டு வந்து உன் கையேட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்து, மேசைக் கால்களில் மூன்று துளை இருக்கிறது, கடைசித் துளைக்கு இறக்கினால் பலகை முழங்காலளவுக்கு வரும் என்று கண்டுபிடித்தாள். அக்கா எங்களையும் யோசித்துத்தான் செய்திருக்கிறா அம்மா என்று அன்றைக்கு முழுக்க உன் புகழ்தான் பாடினாள். எனக்கும் அன்றைக்கு உன் மேல் இருந்த குறை எல்லாம் போய்விட்டது. நான் பின்னேரங்களில் வாசலைக் கூட்டி, விளக்கு வைத்து, ஆட்கள் போன பிறகு அங்கேயே கொஞ்சம் இருந்துவிட்டு வருவேன்.

அதற்குப் பிறகுதான் தாரணி அந்தப் படத்தைக் காட்டினாள். நீ ஏதோ ஒரு மாநாட்டில் பேசியது இணையத்தில் வந்திருந்தது. தன் அக்கா பேசுகிறாள் என்று ஆசையாகத் திறந்திருக்கிறாள். நான் பால் பானைக்கு முன்னால் இருக்கும் படம், அன்றைக்கு எல்லாருக்கும் முந்தி வந்த சிவதர்ஷன் எடுத்து உனக்கு அனுப்பியது, பெரிதாகப் போட்டிருந்தது. கீழே என்ன எழுதியிருக்கு என்று கேட்டேன். முதலில் சொல்லமாட்டேன் என்றாள். பிறகு சொன்னாள், உள்ளூர்ப் பயனாளி ஒருவர் இடத்தைத் தனதாக்கிக்கொள்கிறார் என்று. பயனாளி என்றால் என்ன மகள்? நிவாரணம் கொடுக்கிற ஆட்கள் எங்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள், வரிசையில் நிற்கும்போது. இடத்தைத் தனதாக்கிக்கொள்கிறாளாம். யாருடைய இடத்தை? தாரணி உன் பக்கம் கதைத்தாள், அங்கே அப்படித்தான் எழுத வேணும் அம்மா, சொந்தக்காரர் என்று எழுதினால் ஆய்வுக்கு மதிப்பில்லை என்று. இருக்கலாம். நான் அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை.

பிறகு கூடத்தை மடிக்கும் நாள் வந்தது. மழை இறுக முதல் மாங்கேணிக்குப் போக வேண்டும், அங்கே அடுத்த தொகுதிப் பெண்கள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள், போகாவிட்டால் இந்தத் திட்டமே நிற்கும், எடுத்து நகர்த்த முடியாத கூடம் என்று உன் வேலையைத் தள்ளிவிடுவார்கள் என்று சிவதர்ஷன் சொன்னார். லொறியும் வந்தது. ஆனால் ஒருவரும் கை வைக்கவில்லை. மாமி வாசலில் வந்து நின்று, பால் காய்ச்சின வீட்டைப் பிரிச்சா அந்த வீட்டுப் புள்ள ஒரு இடத்திலயும் குடியிருக்க மாட்டாள், பிரிக்கிறவண்ட குடும்பமும் விளங்காது என்றா. கூலிக்கு வந்த பொடியன்கள் கொளுக்கியில் இருந்து கையை எடுத்துவிட்டார்கள். படித்த பெண்களும் ஒதுங்கி நின்றார்கள். சிவதர்ஷன், இது வீடில்லை அன்ரி, மடிக்கிறதுக்கெண்டே செய்த சாமான் என்று என்னிடம் மன்றாடினார். நான் விளக்கைத் துடைக்கத் தொடங்கினேன். லொறி வெறுமையாகத் திரும்பிப் போனது. அன்றைக்குத்தான் நீ போன் எடுத்தாய். அம்மா, அது வீடில்லை, முன்மாதிரி, அத நகத்தினாத்தான் நான் இவ்வளவு நாளும் செய்ததுக்கு அர்த்தம், நீங்க ஏன் இத விளங்கிக்கொள்ளுறீங்க இல்லை என்று கத்தினாய். நான் போனை வைத்தேன். நீ என்ன சொல்கிறாய் என்று எனக்கு விளங்கியது. நான் அதற்குள் எதற்குப் பால் காய்ச்சினேன் என்று நீ கேட்கவில்லையே, அதுதான்.

உன் பேச்சைக் கேட்டு நான் மனம் மாறவில்லை, அதைத் தெளிவாக எழுது என்று தாரணிக்குச் சொல்கிறேன். மாங்கேணியிலிருந்து மூன்று பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள். யாரும் அனுப்பி இல்லை, தாங்களாகவே. வாசலில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். மேசையைத் தொட்டுப் பார்த்தார்கள், சுவர் எப்படிச் சாய்கிறது என்று கேட்டார்கள். அதில் யோகமலர் என்றொருத்தி, கைப்பிள்ளைக்காரி, பிள்ளையை உன் விறாந்தையில் கிடத்திவிட்டு, அக்கா, இது உங்கட மகள்ட வீடு எண்டு சொன்னாங்க, ஆசையா வச்சிருங்க, நாங்க பார்த்திட்டுப் போகத்தான் வந்தம், எங்கட கரைக்கு இப்பிடி ஒண்டும் வாறதில்லை என்றாள். கேட்காமல் போகிறவர்களிடம் எதைச் சொல்லி மறுப்பது? அவர்கள் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன், என்ன செய்வம் என்று. நீ கொளுத்தின அடுப்பு, நீதான் நூத்து அணைக்க வேணும் என்றார்.

அடுத்த நாள் லொறியை வரச் சொன்னேன். எல்லாரும் பார்க்கப் பால் பானையை வெளியே எடுத்தேன், அடுப்புக் கல்லை எடுத்தேன், நிலத்தைக் கழுவினேன். மாமி, என்ன கா செய்யிறாய், உண்ட புள்ளைக்கு நீயே செய்யிறியா என்று அழுதா. ஓம், நான்தான் வச்சன், நான்தான் எடுக்கிறன், பாவம் எண்டா எனக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டு முதல் கொளுக்கியை நானே கழற்றினேன். உன் கையேட்டில் இரண்டு பேர் பிடிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதாம். எனக்கு அது தெரியாது, தெரிந்திருந்தாலும் பக்கத்தில் வர ஒருவரும் இல்லை. விறாந்தைச் சுவர் எழும்பி மடியும்போது என் விரல்களும் அதற்குள் போய்விட்டன. சிவதர்ஷன் ஓடி வந்து தூக்கினார், நிறைய இரத்தம், ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள், ஒரு நகம் போய்விட்டது, எலும்புக்கு ஒன்றும் இல்லை. என்னை ஏற்றிக்கொண்டு போன பிறகு கைறுன்னிஸா வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தாவாம், அவவைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்களாம், ஆஸ்பத்திரியில் இருந்து வர அத்திவாரம் வெறுமையாக இருந்தது. மாங்கேணியில் விரித்துவிட்டார்கள் என்று சிவதர்ஷன் படம் அனுப்பினார். உனக்கும் வந்திருக்கும். மேசைகளைக் கடைசித் துளைக்கு இறக்கித்தான் வைத்திருக்கிறார்கள்.

உன் கூடம் நீ நினைத்தபடி மடிந்தது, நகர்ந்தது, வேறு கரையில் விரிந்தது. நீ வென்றுவிட்டாய், நான் மனதாரச் சொல்கிறேன். எங்கேயும் வைக்கலாம், எங்கேயிருந்தும் எடுக்கலாம் என்று ஒன்றைச் செய்ய உனக்கு எப்படி வந்தது என்று யோசித்தேன். நீயும் இப்போது அப்படித்தான் இருக்கிறாய். உன் வளவு உன் பெயரில் இருக்கிறது. வருவதென்றால் வா, அத்திவாரம் அப்படியே இருக்கிறது, புல்லை நான் பிடுங்கிக்கொள்வேன், இடது கையாலும் பிடுங்கலாம். வருவதில்லை என்றால் ஒரு வரி எழுதிவிடு, தாரணியின் பெயருக்கு மாற்றுவோம். இதை எழுதமாட்டேன் என்று தாரணி பேனையைக் கீழே வைத்தாள். எழுது என்றேன். எழுதினாள்.

குளிர் உடுப்பு ஒழுங்காகப் போடு, இரவில் வெறும் பாண் துண்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, சோறு ஒரு நேரமாவது சமை. அம்மன் உன் கூடவே இருப்பா, நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், அதில் என் மனதில் ஒரு குறையும் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காமல் செய். அந்தப் படத்தின் கீழே இருக்கும் எழுத்தை மாற்று. அதில் என் பெயரைப் போடு. உன் அம்மா என்று போட அங்கே வழக்கம் இல்லை என்றால், வளவுக்காரி என்று போடு. பெயர் சரியாக வர வேண்டும் என்பதற்காகத்தான் கீழே முழுவதாக வைக்கிறேன், இடது கையால் வைப்பதால் கோணலாக இருக்கும், வாசித்துக்கொள்.

உன் அம்மா,
நல்லரத்தினம் தங்கேஸ்வரி