ரெண்டு தடவை அமுக்கிட்டேன்

என் வீட்டு மகாராணிக்கு,

முட்டிவலி குறைஞ்சுதா? நான் கல்லுக்குண்டாட்டம் இருக்கேன்.

நான் டீ குடுக்கிற ஆபீஸ்ல, ஆஸ்பத்திரியில நோயாளிக்கு மருந்து குறிக்கக் கம்ப்யூட்டர்ல செய்யுற ப்ரோகிராம் மாசக்கணக்கா இழுக்குது. நாளைக்கு அதைக் குடுத்திருந்தா எல்லாருக்கும் லீவு, நானும் ஊருக்குக் கிளம்பியிருப்பேன். டெஸ்டிங் பண்ற பொண்ணு, "தாத்தா, நீங்களும் இந்த மருந்து பட்டனை அமுக்கிப் பாருங்க"ன்னு கூப்பிட்டுச்சு. கை நடுங்கி ரெண்டு தடவை அமுக்கிட்டேன். ஒரே நோயாளிக்கு ரெட்டை மருந்துன்னு காட்டுது!

"யோவ், உன்னை யாருய்யா ரெண்டு தடவை அமுக்கச் சொன்னா?"ன்னு மேனேஜர் கத்தினார்.

"அவசரத்துல நர்ஸும் இப்படி அமுக்க மாட்டாங்களா சார்?"னு பொண்ணு கேட்டுச்சு.

தலையில கைவச்சு உக்காந்தவர், ஆஸ்பத்திரிக்கு அவரே போன் போட்டு, "பெரிய தப்பு இருக்கு, சரிபண்ணாமத் தரமாட்டோம்"னுட்டார்.

என் லீவும் போச்சு. திட்ட நீ பக்கத்துல இல்லாம காது அரிக்குது. ஒரு போர்வை அனுப்பு. புதுசு வேணாம், நீ போத்திக்கிறதே போதும். டீ பொங்குது, பேனாவை வச்சிடறேன்.

உன் கிழவன்