ஒற்றைக்கை நோனா யாருடையவள்?

என் உயிர் மச்சான் லூயிசுக்கு,

இவ்வளவு கோபத்திலும் உன்னை வேறு மாதிரிக் கூப்பிட வாய் வரவில்லை. எழுத்து எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எங்கள் மேல்வீட்டு ரீச்சர் எழுதுகிறார். ஒரு சொல்லையும் இனிப்பாக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். உன்னை மண்ணுக்குள் வைத்த அன்று அழுதவன் நான். இன்றைக்கு உன் மேல் வழக்கு வைக்க வந்திருக்கிறேன். நாலு பேர் கேட்கட்டும் என்றுதான் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன்.

உன் முப்பத்தோராம் நாள் செபத்துக்கு முதல் உன் மகள் றீட்டா போனில் கோல் எடுத்தாள். "அங்கிள், அண்டைக்கு அப்பாவுக்குப் பிடிச்ச சாப்பாடு, சாமான் எல்லாம் படத்துக்கு முன்னால வைக்கப் போறம். உங்களிட்ட ஏதும் இருந்தாக் கொண்டு வாங்கோ" என்றாள். நான் வேறு எதை யோசிப்பேன், சொல்லு? அந்த மாதம் ஒற்றைக்கை நோனா என் முறை. கொட்டாஞ்சேனையில் என் அலுமாரிக்கு மேல் நின்றாள். தூசி துடைத்து, தோய்த்த துவாய் ஒன்றில் சுற்றிக்கொண்டு வெள்ளவத்தையில் உன் வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

வாசிக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். நோனா என்றால் சிங்களத்தில் சீமாட்டி; எங்கள் நோனா ஒரு பொம்மை. ஒரு சாண் உயரம், கிழிந்த கலியாணச் சட்டை, பச்சைத் தோல், இடது கை முழங்கையோடு இல்லை. செத்து எழும்பி நடக்கிற ஜொம்பி. இப்படி ஒரு பெட்டி நிறைய நாங்கள் இரண்டு பேரும் சேர்த்து வைத்திருந்தோம். நல்லவற்றை மாதம் மாறி மாறி இரண்டு வீட்டிலும் வைத்துக்கொள்வோம்.

துறைமுகத்தில் நீ கிளார்க், நான் மூட்டை இறக்கியவன். பென்சனுக்குப் பிறகு உன் மகன் கனடாவுக்குப் போனான். அவன் விட்டுப்போன கேம் மெஷினை நீதான் முதலில் நோண்டினாய். எனக்குக் கோல் எடுத்தவனும் நீதான். "சவிரி, வாடா. செத்தவங்களைச் சுடுவம். பாவமும் இல்ல, பொலிசும் இல்ல." அந்தக் குரல் இன்னும் என் காதில் அப்படியே இருக்கிறது.

திரையில் வருகிற இங்கிலிஷை நீ வாசித்துச் சொல்வாய். எனக்குக் காதுதான் கண். எந்தப் பக்கம் உறுமுகிறது என்று நான் சொன்னால் நீ அந்தப் பக்கம் திரும்பிச் சுடுவாய். செத்து எழும்பி வருகிற அவர்களுக்கு லாசர் என்று வேதப் பெயர் வைத்தவனும் நீ. "ஆண்டவர் ஒருத்தனைத்தான் எழுப்பினவர், இவங்கள் ஊரையே எழுப்பி வச்சிருக்கிறாங்கள்" என்று சொல்லி இருமும்வரை சிரித்தாயே, மறந்துவிட்டாயா? தவக்காலம் வந்தால் நீ மாமிசத்தோடு லாசர்களையும் விட்டாய். மெஷினைத் துணியால் மூடி வைத்து, உயிர்த்த ஞாயிறு பாஸ்குப் பூசை முடிந்து வந்ததும் முதல் வேலையாகத் துணியை எடுப்பாய். பிடிக்காத ஒன்றையா மனிதன் ஆண்டவருக்கு ஒறுத்துக் கொடுக்கிறான்?

அந்த கேமில் வருகிற பாட்டை போனில் ஏற்றி வைத்து, மீன் பொரிக்கும்போது போடுவாய். "தொண்டையில முள்ளுக் குத்தினவன் பாடுற மாதிரிக் கிடக்கு" என்றேன் நான். "அந்த முள்ளுத்தான்டா சுருதி" என்றாய். இப்போது அந்தப் பாட்டு எனக்கும் பிடித்துப்போய்விட்டது. என்ன செய்ய?

நோனாவை எடுத்த நாளையும் சொல்கிறேன். மருதானையில் பழைய விளையாட்டுச் சாமான் கடை. நீ கண்ணாடியில் மூக்கு முட்ட நின்றாய். கடைக்காரப் பெடியன் அவளை இறக்கித் தந்துகொண்டே, "மேக்க பபாட்டத, அங்கிள்?" என்று சிங்களத்தில் கேட்டான். குழந்தைக்கா என்று. நான் வெட்கத்தில் ரோட்டைப் பார்த்தேன். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துபோகும். நீ நிமிர்ந்து நின்று, "நே மல்லி, மட்ட" என்றாய். இல்லைத் தம்பி, எனக்கு. அந்த நேரம் உன்னைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது, மச்சான். வயது போனவனுக்கும் ஆசை இருக்கலாம் என்று நீ எனக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

அந்த நோனாவைத்தான் உன் படத்துக்கு முன்னால் வைத்தேன். ஒரு பக்கம் கட்லட் தட்டு, மறுபக்கம் சாராயப் போத்தல், நடுவில் அவள். மெழுகுதிரி வெளிச்சத்தில் நல்ல வடிவாகத்தான் இருந்தாள்.

செபம் சொல்ல வந்த சனம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. உன் தங்கச்சி பிலோமினா கிட்ட வந்து பார்த்தா. "ஆர் இந்தப் பேய்க்குட்டியைக் கொண்டு வந்தது? அண்ணன் மோட்சத்துக்குப் போற நேரம் வழிமறிக்கவோ?" பின்னால் ஆரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பகிடி என்று நினைத்து.

றீட்டா என் கையைப் பிடித்துக் குசினிப் பக்கம் கூட்டிப் போனாள். நல்ல பிள்ளை, கத்தவில்லை.

"அங்கிள், கோவிக்காதீங்கோ. அதை எடுத்திடுங்கோ. அப்பாவுக்கு உந்தச் சாமானைக் கண்ணிலயும் காட்டக் கூடாது."

"ஆர் பிள்ளை சொன்னது?"

"அவர்தான். எத்தினை தரம் கேட்டிருப்பன், ஏனப்பா இந்தப் பிசாசுகளை வீட்டுக்குள்ள வச்சிருக்கிறீங்கள் எண்டு. 'எல்லாம் சவிரிட சாமான், பிள்ளை. மனுசியும் போய்த் தனிய இருக்கிறான். அவனுக்கு வேற பொழுதுபோக்கு இல்ல. பாவமெண்டுதான் நானும் கூட இருந்து விளையாடுறன்' எண்டு சொல்லுவார்."

நான் தண்ணீர் கேட்டேன். அவள் தண்ணீரோடு உன் அறையிலிருந்து பெட்டியையும் மெஷினையும் கொண்டு வந்து வைத்தாள். "உங்கட சாமான் ஒண்டும் குறையாமல் கட்டி வச்சிருக்கிறன், அங்கிள்." அவள் அதை அன்பாகச் செய்தாள். அதுதான் கூட வலித்தது. த்ரீவீலில் மடி நிறைய உன் ஆசைகளைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். வழி முழுக்க நோனாவின் ஒற்றைக் கை என் வயிற்றில் இடித்துக்கொண்டு வந்தது.

லூயிஸ், பேய்ச் சாமான் என்று நீ சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். மகளுக்குப் பயம், சுவாமிக்குப் பயம், விளங்கிக்கொள்வேன். எல்லாம் சவிரியுடையது மட்டும்தான் என்று சொல்லித் தப்பியிருந்தாலும் சிரித்திருப்பேன். பாவம் என்று சொன்னாயே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. நான் உன்னிடம் வந்தது கூட்டாளியாக என்று நினைத்திருந்தேன். நோயாளியைப் பார்க்கப் போகிற மாதிரியா நீ என்னோடு இருந்தாய்?

ராயப்பர் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்ததைப் பெரிய வெள்ளி தோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவருக்கு அழுது தீர்க்கச் சேவல் ஒன்றாவது கூவியது. உனக்கு ஒன்றும் கூவவில்லையா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். மருதானையில் அந்தப் பெடியனுக்குச் சொன்னது உண்மையா, வெள்ளவத்தையில் பெற்ற பிள்ளைக்குச் சொன்னது உண்மையா? இரண்டில் ஒரு இடத்தில் நீ பொய் சொன்னாய். எங்கே என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் படுத்தால் அந்த நினைப்பு ஆடுகிறது.

இங்கத்தைய புதினம் கேள். மெஷினை என் டீவியில் பூட்டினேன். வாசிக்க ஆளில்லை, எங்கே அழுத்த வேண்டும் என்பது விரலுக்கு ஞாபகம் இருந்தது. உன் ஜொய்ஸ்டிக் கதிரையில் கிடக்க, திரையில் உன் ஆள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். இடப்பக்கம் உறுமல் கேட்டது. நான் வழக்கம்போல வாயால் சொன்னேன், சுடவில்லை. கோபம். லாசர்கள் வந்து உன்னைக் கடித்தார்கள். கடிபட்டவன் எழும்பி அடுத்தவனைத்தான் கடிக்க வருவான், அதுதானே சட்டம். நீ எழும்புவதற்கு முதல் வயரைப் பிடுங்கிவிட்டேன். உன்னைச் சுடவும் மனமில்லை, உன்னிடம் இன்னொரு தரம் கடிபடவும் தெம்பில்லை.

நோனா இப்போது என் ரோட்டுப் பக்க ஜன்னலில் நிற்கிறாள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் வரிசையாக. போகிற வருகிற பிள்ளைகள் நின்று பார்க்கிறார்கள். ஒருவரும் என்னைப் பாவம் என்று சொல்லவில்லை.

உன் வருடப் பூசைக்கு றீட்டா கூப்பிடுவாள். வருவேன், இது சத்தியம். நோனாவையும் கொண்டு வந்து அதே இடத்தில், கட்லட்டுக்கும் போத்தலுக்கும் நடுவில் வைப்பேன். ஆருடையது என்று பிலோமினா கேட்பா. இந்த முறை நான் சிரிக்க மாட்டேன். மருதானைக் கடையில் நீ சொன்னதை, நீ சொன்ன மாதிரியே நிமிர்ந்து நின்று எல்லோருக்கும் சொல்வேன். சொல்லும்போது உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். படத்தில் இருக்கிறவனுக்கு முகம் திருப்ப ஏலாது, மச்சான்.

கோபம் ஆறாத,
உன் கூட்டாளி மச்சான்,
கொட்டாஞ்சேனை சவிரி