சாம்பிராணிப் புகையில் எடுத்த படம்

காஜா பெராங், மலாக்கா
25.9.1957

அன்பு மகள் சந்திரமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், உன் தம்பியின் காமிராவும் சுகம். அந்த இங்கிலாந்துக் குளிரில் நீயும் சுகமாயிருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

தியாகு நம் குளியலறையைப் படம் கழுவும் இருட்டறையாக்கிவிட்டான், அப்பா குளிப்பதற்குக்கூட அவனிடம் கேட்க வேண்டியிருக்கிறது. சுதந்திரத்தன்று ஊரே கொடியைப் பார்த்து நிற்க, இவன் அலங்கார வளைவுக்குக் கீழே மூன்று சக்கர வண்டியிலேயே குறட்டை விட்ட திரிஷாக்காரரைப் படம் பிடித்தான். அப்பாவுக்கு வந்ததே கோபம்! ஒரு மாசத்துக்குள்ள ஒரு படமாவது பேப்பர்ல வரணும், இல்லன்னா காமிராவை வித்துட்டு ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி வேலைக்குப் போடா என்று சொல்லிவிட்டார். பிள்ளை சரியாகச் சாப்பிடவே இல்லை.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றி வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டிக்கொண்டே போனவள், பழக்கதோஷத்தில் குளியலறைக் கதவையும் தள்ளிவிட்டேன். உள்ளே ஃபிலிம் கழுவிக்கொண்டிருந்தவன் ஐயோ அம்மா என்று அலறினான். வெளிச்சம் பட்டு அத்தனையும் பாழ், திரிஷாக்காரரும் போனார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, தூபக்காலோடு நின்று அழுதேன். திட்டுவான் என்று பார்த்தால் புது ஃபிலிமை மாட்டிக்கொண்டு வந்து, அசையாதீங்கம்மா, தூபக்காலைக் கொஞ்சம் தூக்குங்க என்கிறான்! ஓங்கி ஒன்று வைக்கலாமென்றால் கையில் நெருப்பு.

மறுநாள் என்னையே உள்ளே கூப்பிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டான். மருந்துத் தண்ணீரில் வெறும் வெள்ளைத் தாள், அதை ஆட்டிக்கொண்டே இருந்தான். முதலில் என் கொண்டை வந்தது, அப்புறம் புருவம், அப்புறம் திறந்த வாய். பெற்ற பிள்ளையின் முகத்தை முதன்முதலில் பார்ப்பதுபோல் குனிந்து குனிந்து பார்த்தேன் சந்திரா. ஆனால் அவனுக்குத் திருப்தியில்லை, புகை சரியாக வரவில்லையென்று மதியம் வரை தாள் தாளாகக் கிழித்துப் போட்டான்.

படம் பேப்பரில் வந்துவிட்டது! காமிரா தப்பியது. அப்பா இப்போது தினமும் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, தியாகு காமிராவோடு நிற்கும் தெருவிலேயே தற்செயலாக நடப்பதுபோல் போய்வருகிறார். அவன் திரும்பியே பார்ப்பதில்லை.

கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசாய் நன்றாயிரு. பேப்பரில் வந்த படத்தை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். புகையில் கண் கலங்கும் தாய் என்று கீழே போட்டிருக்கிறார்கள். புகையாவது ஒன்றாவது! பிள்ளை பிழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று அழுத அழுகை அது. நான் ஃபிலிமைப் பாழாக்கியதைத் தியாகு அப்பாவிடம் இன்றுவரை மூச்சு விடவில்லை, நீயும் விடாதே.

உன் அம்மா,
பாக்கியலட்சுமி