உன் இலையின் இடப்பக்கம்

என் அருமை மச்சான் தணிகாசலத்துக்கு,

உன் அக்கா நன்றாக இருக்கிறாள். முழங்கால் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. ஊரப்பாக்கத்தில் நம் தெரு முழுக்க மாடி வீடாகிவிட்டது. என் ரிப்பேர் கடைக்கு இப்போது ரேடியோ வருவதில்லை, செல்போன்தான் வருகிறது. அதையும் புத்தகம் வாங்கிப் படித்து, பிரித்துப் போட்டு, நானே கற்றுக்கொண்டேன். யாரிடமும் போய்க் கேட்கவில்லை. என் குணம் உனக்குத் தெரியாததா?

உனக்கு எழுதுவதை ஊர் பார்க்க எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் உன் சித்தப்பா மகன். போன வாரம் திருப்போரூரில் ஒரு கல்யாணம். பந்தியில் என்னைக் காட்டி, "தாய்மாமனுக்கே எலையில இனிப்பு வெக்காத வூடு இது" என்று சொல்லிச் சிரித்தான். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பேச்சு சாகவில்லை. நீதான் போய்விட்டாய்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கல்யாணம் அது. செங்கல்பட்டில் மண்டபம், மணப்பெண் என் மகள், தாய்மாமன் நீ. முதல் பந்தியில் உன்னை உட்காரவைத்து, ஜாங்கிரித் தட்டைப் பரிமாறுபவனிடமிருந்து வாங்கி என் கையாலேயே வைத்தேன். நம் வழக்கப்படி இலையின் நுனி இடப்பக்கம். உப்பு, ஊறுகாய், வடை, ஜாங்கிரி எல்லாம் அந்த நுனியில். நீ சோற்றைச் சாப்பிட்டாய், வலப்பக்கத்துப் பொரியலைச் சாப்பிட்டாய். பிறகு உன் வலது கைப்பக்கத்து இலையை எட்டிப் பார்த்தாய்.

"இன்னா மாமா இது? சம்பந்தி வூட்டுக்காரனுக்கு ஜாங்கிரி, வடை. எனக்கு வெறும் சோறு. பிச்சை எடுக்கவா வந்துகிறேன்?"

"கண்ணு அவிஞ்சி போச்சாடா? எலையைப் பார்றா."

"பாத்துகினுதான் கீறேன். ஒண்ணுமில்ல."

எழுந்து போனாய். உன் அக்கா வாசல்வரை ஓடிவந்து உன் இடப்பக்கம் நின்று கெஞ்சினாள். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் அன்று எனக்கு எப்படி இருந்திருக்கும்? அதற்கு முந்தின வாரம் குளியலறையில் உனக்குத் தலை சுற்றி விழுந்ததையும், இடது கை கொஞ்சம் மரத்திருந்ததையும், கல்யாண வேலையைக் கெடுக்க வேண்டாம் என்று நீ மறைத்ததையும் யார் கண்டார்கள்?

அப்புறம் பேச்சு இல்லை. நானாக வந்து பேசுபவன் இல்லை, நீயும் அப்படித்தான். நடுவில் உன் அக்கா காய்ந்து போனாள். ஒரு நாள் என்னிடம் சொல்லாமல் உன்னைப் பார்க்கத் திருக்கழுக்குன்றம் வந்தவள், திரும்பி வந்து கடை வாசலில் நின்று அழுதாள். "அவன் பாதி மொகம்தான் ஷேவ் பண்ணிகினு கீறான். மீதி இடப்பக்கம் காடு மாதிரி கீது. கேட்டா, முழுசா பண்ணிட்டேன்றான்."

கிளம்பி வந்தேன். உன்னிடம் பேசவில்லை, பேசாமலேயே ஆட்டோவில் ஏற்றினேன். இடது கண்ணுக்கு வரும் நரம்பு அறுந்திருக்கும் என்பது என் கணக்கு. ஒயர் அறுந்தால் ஸ்பீக்கர் பேசாது, அவ்வளவுதானே? முதலில் கண்ணாடிக் கடைக்குத்தான் போனோம். இரண்டு கண்ணும் பழுதில்லை என்றார்கள். அதன் பிறகுதான் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி.

அங்கேதான் எஸ்தரைப் பார்த்தோம். மூளையில் கவனமும் கற்றலும் எப்படி நடக்கின்றன என்று ஆராய்ச்சி செய்துகொண்டு, நோயாளி வீட்டாருக்கு ஆலோசனையும் சொல்லும் சின்னப் பெண். நீ அவளை டாக்டரம்மா என்றாய். "நான் டாக்டர் இல்லீங்க ஐயா" என்று அவள் எத்தனை முறை சொன்னாலும் நீ கேட்கவில்லை.

கடிகாரம் வரையச் சொன்னாள். வட்டத்தை ஒழுங்காகப் போட்டாய். பன்னிரண்டிலிருந்து ஆறுவரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினாய்.

"முடிஞ்சுதுங்களா ஐயா?"

"முடிஞ்சிது டாக்டரம்மா. கடியாரம்னா இவ்ளோதான?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. நீ செங்கல்பட்டு மாமல்லபுரம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். "ஐயா, கண்ணை மூடிக்குங்க. செங்கல்பட்டுல வண்டியை எடுக்கறீங்க, மாமல்லபுரம் போறீங்க. வழியில என்னென்ன இருக்கு, சொல்லிக்கிட்டே போங்க."

நீ கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாய். கைகூட ஸ்டியரிங் பிடித்தது. மரவாடி, கீற்றுக் கொட்டகை டீக்கடை, ஏரிக்கரை அரசமரம், வெல்டிங் பட்டறை. உன் வண்டியில் உன் பின்சீட்டில் உட்கார்ந்து எத்தனை முறை வந்திருப்பேன்? எல்லாம் சரி. ஆனால் எல்லாமே வலப்பக்கம். இடப்பக்கத்து அரிசி மில்லைச் சொல்லவில்லை. நீ தினமும் வண்டியை நிறுத்தி வெற்றிலை வாங்கிய பெட்டிக்கடையையும் சொல்லவில்லை. மறந்துவிட்டான், போயிற்று என்று நினைத்தேன்.

"சரிங்க ஐயா. இப்ப மாமல்லபுரத்துல திருப்பி எடுங்க. செங்கல்பட்டு வாங்க."

நீ வண்டியைத் திருப்பினாய். பெட்டிக்கடை வந்தது. கடைக்காரியின் பெயர் வந்தது. அரிசி மில் வந்தது, அதன் வாசலில் படுத்திருக்கும் நாய்கூட வந்தது. ஆனால் மரவாடி இல்லை. டீக்கடை இல்லை. ஏரிக்கரை அரசமரத்தைக் காணோம்.

மச்சான், அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாலை முழுசாக உனக்குள் இருந்தது. ஒரு கடைகூடத் தொலையவில்லை. நீ எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாயோ, அதற்கு இடப்பக்கம் எதுவோ, அது மட்டும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போதே இல்லை. வாழ்நாள் முழுக்க ரேடியோவைப் பிரித்துப் பார்த்தவன் நான். பாட்டு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நாம் பார்க்கிற உலகத்தை ஒவ்வொரு நொடியும் தலைக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்கிறது, அது பாதி கட்டி நிறுத்திவிட்டால் நமக்கே தெரியாது என்றால், அந்த வேலையைச் செய்வது யார்? இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

எஸ்தர் எளிமையாகத்தான் சொன்னாள். தலையின் வலப்பக்கத்தில் ரத்த ஓட்டம் அடைபட்டிருக்கிறது. கண் பார்க்கிறது, ஆனால் இடப்பக்கத்துக்குக் கவனம் போய்ச் சேரவில்லை. இது கர்வம் இல்லை, பைத்தியம் இல்லை. பாதியைக் காணோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. அவள் சொன்ன அந்தக் கடைசி விஷயத்தைத்தான் என்னால் விழுங்கவே முடியவில்லை.

பிறகு உன்னைப் பழக்கினாள். தட்டின் இடது விளிம்பில் சிவப்பு டேப், ஷேவ் செய்யும் கண்ணாடியின் இடது ஓரத்தில் சிவப்பு டேப். "செவப்பு தெரியற வரைக்கும் தலையைத் திருப்பணும் ஐயா." பஸ் ஓட்டியவன், சோற்றுத் தட்டில் எல் போர்டு போட்டுக்கொண்டு கற்றுக்கொண்டாய். மாதக்கணக்கில் ஆனது. தன் கண்ணுக்கு இல்லாத ஒன்றை, அது இருக்கிறது என்று அடுத்தவர் சொல்லை மட்டும் நம்பித் தேடிப் போவது எவ்வளவு பெரிய காரியம்! எனக்கு அது வந்திருக்காது. நான்தான் யார் சொல்லையும் கேட்பவன் இல்லையே.

ஒரு நாள் எஸ்தரின் அறையிலேயே உன்னை உட்காரவைத்துக் கேட்டேன். "இப்பவாவது சொல்லு. அன்னைக்கு நான் ஜாங்கிரி வெச்சனா இல்லியா?"

"வெக்கல மாமா."

"எலையில இடப்பக்கம் இருந்துதுடா. உனக்குத்தான் தெரில."

"நோவு கீதுன்னு ஒத்துக்கறேன். அதுக்காக நீ வெக்காததை வெச்சேன்னு சொன்னா எப்டி ஒத்துக்கறது?"

எஸ்தர் என்னைத் தனியே கூப்பிட்டாள். "அவர் மனசுல அந்த இலை அப்படித்தான் பதிஞ்சிருக்கு. இல்லாத ஞாபகத்தைக் கேக்காதீங்க ஐயா. அவர் பொய் சொல்லலை."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"நீங்களும் சொல்லலை."

கோபத்தில் அன்று அவளுக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். எனக்கு நியாயம் வேண்டும், அவள் ஆறுதல் தருகிறாள் என்று பட்டது.

ஆனாலும் நீ வீட்டுக்கு வரத் தொடங்கினாய். உன் அக்கா ஒரு பொங்கலுக்கு இலை போட்டாள். நீ கழுத்தைத் திருப்பி, நுனிவரை போய், முதலில் இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாய். "இன்னைக்கு வெச்ச மாமா. அன்னைக்கு வெக்கல." உன் அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நான் சிரிக்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு நீ இல்லை. இரண்டாவது முறை வந்த அடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் கதையை இப்போது சிலர் உபதேசமாக்கிவிட்டார்கள். மனிதன் ஒவ்வொருவனும் பாதியைத்தான் பார்க்கிறானாம். எனக்கு அது பிடிக்கவில்லை. உனக்கு நடந்தது உபமானம் இல்லை, நோய்.

ஒரு சேதி சொல்கிறேன். நோயாளி வீட்டாரிடம் உன் விஷயத்தைச் சொல்ல எஸ்தர் கூப்பிட்டதால் அவளுடைய ஆலோசனை அறைக்கு நான் போய் வருகிறேன். போன மாதம் கேளம்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். "நாப்பது வருசம் குடும்பம் பண்ணேன். பக்கத்துல நின்னு கூப்டாலும் என் மூஞ்சப் பாக்க மாட்றாரு" என்று அழுகை. கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், இவர் இடப்பக்கம் நிற்கிறார். "இந்தப் பக்கம் வந்து நில்லும்மா" என்றேன். சுற்றி வந்து வலப்பக்கம் நின்றார். அந்த மனிதர் முகம் மலர்ந்து, "எப்ப வந்த? எவ்ளோ நேரமா தேடிகினு கீறேன்" என்றார்.

மச்சான், நான் வெளியே போய் வராந்தாவில் நின்றுவிட்டேன்.

உன் விஷயத்தை அங்கே சொல்லும்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள், யார் சொன்னது நிஜம் என்று. முன்பெல்லாம், நான் வைத்தேன் என்று சொல்லி நிறுத்துவேன். அதிலிருந்து இன்றும் இறங்கவில்லை, இறங்கவும் மாட்டேன். உனக்கு ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். இனி அதோடு நிறுத்த மாட்டேன். உன் சித்தப்பா மகனிடமும், கேட்கிற எவரிடமும், இரண்டையும் சேர்த்தே சொல்வேன்: நான் வைத்தேன். அவனுக்கு வந்து சேரவில்லை.

உன் அக்காளைக் கட்டியவன்,
உன்னோடு இன்னும் வழக்குத் தீராத மாமன்
ஏகாம்பரம்